தெருவிலிருந்து பந்தயத் தளத்துக்கு: ஹேட்ச்பேக் காரை மாற்றியமைக்கும் நண்பர்கள்

மோட்டார் பந்தயம் என்றதும் ஒற்றை இருக்கையும் திறந்த சக்கரங்களும் கொண்ட ஃபார்முலா கார்களே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உலகெங்கும் வார இறுதிகளில் நடைபெறும் பந்தயங்களில் கணிசமானவை, அலுவலகத்துக்கும் சந்தைக்கும் போய்வருவதற்காகத் தயாரிக்கப்பட்ட சிறிய கார்களைக் கொண்டே நடத்தப்படுகின்றன. பின்பக்கக் கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும் கதவும், தனியே நீட்டிக்கொண்டிராத பின்புறமும் கொண்ட ஹேட்ச்பேக் வகைக் கார்கள் இதில் முதலிடம் பெறுகின்றன. அவை மலிவானவை, எடை குறைந்தவை, உதிரிபாகம் எங்கும் கிடைப்பவை. தொழிற்சாலையின் துணையோ பெருநிறுவனத்தின் பணமோ இல்லாத நண்பர் குழு ஒன்று, மாலை நேரங்களையும் விடுமுறை நாள்களையும் மட்டும் மூலதனமாகக் கொண்டு அத்தகைய காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்துவிட முடியும். இந்த முயற்சியின் தொழில்நுட்ப ஒழுங்கு என்ன, அதில் எது முதலில் செய்யப்பட வேண்டும், இந்திய மோட்டார் பந்தயத்தின் தாய்வீடான தமிழ்நாட்டில் அதற்கு என்ன இடம் இருக்கிறது என்பவை விரிவாகப் பேசப்பட வேண்டியவை.

சோழவரத்தின் பட்டறை மரபு

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட விமான ஓடுதளம், 1950-களிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்தியாவின் முதன்மையான பந்தயக் களமாக விளங்கியது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அப்பந்தயங்களில், வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்யும் வசதி படைத்த சிலரைத் தவிர்த்தால், மற்றவர்கள் கொண்டுவந்தவை அன்றாடச் சாலைக் கார்களே. 1,489 சிசி எஞ்சின் கொண்ட அம்பாசடர், 1,089 சிசி ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றைப் பட்டறைகளில் பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினைத் திருத்தி அவர்கள் ஓட்டினார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த அந்தக் காலத்தில் பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட பாகம் எதையும் கடையில் வாங்க முடியாது என்பதால், வேண்டியதை லேத்தில் கடைந்தும் வார்ப்பாலையில் வார்த்தும் செய்துகொள்ளும் வழக்கம் உருவானது. தமிழ்நாட்டின் மோட்டார் பந்தயத்துக்கு இன்றுவரை அடித்தளமாக இருப்பது அந்த வழக்கமே.

அதை முறையான தொழில்நுட்பமாக உயர்த்தியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். பந்தய ஓட்டுநராகவும் கார் வடிவமைப்பாளராகவும் இருந்த அவர், 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 காரின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு, ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980-களின் இறுதியில் உருவாக்கினார். வெறும் 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட குடும்பக் கார் எஞ்சின் ஒன்று பந்தயத் தளத்தில் ஒரு தலைமுறையையே பயிற்றுவிக்க முடியும் என்பதை அது நிறுவிக் காட்டியது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் தொடக்கமும் ஃபார்முலா மாருதிதான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தொன்றில் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாருதி 800-இன் வருகை வேறொரு வகையிலும் திருப்பமாக அமைந்தது. அதற்கு முந்தைய அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு ஆகிய மூன்றும் எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்களுக்கு அனுப்பியவை. மாருதியோ எஞ்சின், கியர்பாக்ஸ், இயக்கும் சக்கரம் அனைத்தையும் முன்பக்கமே வைத்திருந்த, சுமார் 650 கிலோ எடையே கொண்ட ஹேட்ச்பேக். 1990-இல் பந்தயங்கள் சோழவரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த 3.7 கிலோமீட்டர் தளத்துக்கு மாறியபோது, சிறிய முன்சக்கர இயக்கக் கார்களை வேகமாக ஓட்டுவது எப்படி என்ற கேள்வியே பட்டறைகளின் முதன்மைக் கேள்வியாகியிருந்தது. அதே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் நிறுவனம் சான்ட்ரோ ஹேட்ச்பேக்கைத் தயாரிக்கத் தொடங்கியதால், காரைச் செய்யும் இடமும் அதை எல்லைவரை ஓட்டிப் பார்க்கும் இடமும் ஒரே ஊரில் அமைந்துவிட்டன.

காரைத் தேர்ந்தெடுத்தல்

நண்பர் குழு ஒன்று செய்யும் முதல் தவறு பெரும்பாலும் காரைத் தேர்ந்தெடுப்பதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. எந்தக் கார் வேகமாகப் போகும் என்று பார்த்து வாங்கிய பிறகு, அது எந்தப் பந்தயப் பிரிவிலும் இடம்பெறாது என்று தெரியவருவது இத்துறையில் அடிக்கடி கேட்கும் வருத்தம். பந்தயப் பிரிவு என்பது எஞ்சின் கொள்ளளவு, எடை, அனுமதிக்கப்பட்ட மாற்றங்கள் ஆகியவற்றை வரையறுத்து, ஏறத்தாழச் சமமான கார்களை ஒன்றாக ஓடவிடும் வகைப்பாடு. ஆகவே முதலில் விதிப் புத்தகம், பிறகு கார் என்பதே சரியான வரிசை. அதன் பின்னர் கவனிக்க வேண்டியது உதிரிபாகம். விற்பனையில் நெடுங்காலம் இருந்து, லட்சக்கணக்கில் ஓடி, இப்போது சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளிலும் கோவை உக்கடத்தின் பழைய இரும்புச் சந்தையிலும் கிடைக்கக்கூடிய மாருதி ஜென், ஸ்விஃப்ட் போன்ற கார் ஒன்று, அதைவிட வேகமான ஆனால் அரிதான காரைக் காட்டிலும் அமெச்சூர் குழுவுக்குப் பன்மடங்கு பயனுடையது. பந்தயத்தில் ஒரு கியர்பாக்ஸ் உடைந்தால் அடுத்த வாரமே இன்னொன்று கிடைக்க வேண்டும்.

தேர்வோடு சேர்த்துச் சட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எனவே பந்தயத்துக்காகப் பிரிக்கப்பட்ட கார் பொதுச்சாலையில் ஓடும் தகுதியை இழந்துவிடுகிறது. அது டிரெய்லரிலோ லாரியிலோ ஏற்றப்பட்டே தளத்துக்குச் செல்ல வேண்டும். வார நாள்களில் அலுவலகத்துக்கும் ஞாயிறன்று பந்தயத்துக்கும் ஒரே கார் என்ற கனவை இந்தியாவில் ஒரு குழு தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுவது நல்லது.

எடுப்பதும் சேர்ப்பதும்

வேலை, காரிலிருந்து பொருள்களை அகற்றுவதில் தொடங்குகிறது. பின்னிருக்கைகள், தரைவிரிப்பு, கூரையின் உள்துணி, கதவுகளின் உட்பலகை, ஏ.சி., ஒலிப்பெருக்கி, ஸ்டெப்னி, ஓசையைத் தடுப்பதற்காகத் தரைத்தகட்டில் ஒட்டப்பட்ட தார்ப்பட்டை ஆகியவை ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. சுமார் 1,000 கிலோ எடையும் 87 குதிரைத்திறனும் கொண்ட முதல் தலைமுறை ஸ்விஃப்ட் போன்ற கார், சேர்த்ததும் கழித்ததும் போக 900 கிலோவுக்கு வந்தால், ஓட்டுநரின் எடையைக் கணக்கில் கொள்ளாதபோது அது எஞ்சினைத் தொடாமலே சுமார் 97 குதிரைத்திறன் பெற்றதற்குச் சமம். எஞ்சினில் கூட்டிய திறன் நேர்ப்பாதையில் மட்டுமே உதவும். குறைத்த எடையோ வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் உதவுவதோடு, டயரையும் பிரேக்கையும் தேயாமல் காக்கிறது. அதிலும் இந்த ஆதாயத்துக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. ஸ்பேனரும் பொறுமையும் போதும்.

கழித்த எடையில் ஒரு பகுதி திரும்பச் சேர்க்கப்படுவது ரோல் கேஜ் எனப்படும் இரும்புக் கூண்டாக. கார் கவிழ்ந்தாலும் பக்கவாட்டில் மோதப்பட்டாலும் கூரையும் கதவும் ஓட்டுநர்மேல் நசுங்காமல் தாங்குவதற்காக, ஓட்டுநர் அறையைச் சுற்றிக் குழாய்களால் கட்டப்படும் அமைப்பு இது. கார் பந்தயங்களுக்கான பன்னாட்டு அமைப்பான சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் விதிகள் இதில் கறாரானவை. ஓட்டுநரின் பின்னால் ஒரு பக்கத் தரையிலிருந்து எழுந்து கூரையை ஒட்டி மறுபக்கம் இறங்கும் முதன்மை வளைவு, இணைப்பில்லாத ஒரே குழாயால் ஆகியிருக்க வேண்டும். அக்குழாய் 45 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2.5 மில்லிமீட்டர் தடிப்போ, 50 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2 மில்லிமீட்டர் தடிப்போ கொண்டதாக, நீளவாக்கில் ஒட்டு இல்லாத, குளிர்நிலையில் இழுக்கப்பட்ட கார்பன் எஃகாக இருக்க வேண்டும். வியாபாரிகள் சீம்லெஸ் பைப் என்று அழைக்கும் அது, தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் ஜி.ஐ. பைப்பைவிடப் பல மடங்கு விலையுடையது. பெயிண்ட் அடித்த பின் வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது என்பதும், கவிழ்ந்த கணத்தில் மட்டுமே அது தெரியும் என்பதும்தான் இந்தச் செலவில் சிக்கனம் கூடாது என்பதற்குக் காரணம்.

கூண்டின் கால்கள் காரின் தரைத்தகட்டில் நேரடியாக ஊன்றப்பட்டால், மெல்லிய அந்தத் தகட்டை அவை கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிப்பும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட எஃகுத் தகடு பற்றவைக்கப்பட வேண்டும். குழாயை வளைக்கும் இடத்தில் அது சப்பிப்போகாமலும் சுருக்கம் விழாமலும் பார்த்துக்கொள்வதற்குக் கைதேர்ந்த பைப் பெண்டரும், ஒவ்வொரு மூட்டையும் சுற்றளவு முழுவதும் பற்றவைப்பதற்கு அனுபவமுள்ள வெல்டரும் தேவை. மேற்கூரையை ஒட்டிய மூட்டின் மேற்பகுதியில் வெல்டிங் டார்ச் நுழைய இடமிருக்காது என்பதால், தரையில் துளையிட்டுக் கூண்டைத் தாழ இறக்கி மேல்மூட்டுகளைப் பற்றவைத்த பின் மீண்டும் உயர்த்தித் தகடுகளின்மேல் நிறுத்தும் உத்தியைத் தேர்ந்த பட்டறைகள் கையாள்கின்றன. அமெச்சூர் குழு தானே செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டென்றால் அது இதுதான். குழாயை அளப்பதும், தகட்டிலுள்ள பெயிண்ட்டைச் சுரண்டுவதும், வெல்டருக்கு உடனிருந்து உதவுவதும் நண்பர்களின் வேலை. பற்றவைப்பு மட்டும் அதைத் தொழிலாகக் கொண்டவரின் கையில் இருக்க வேண்டும்.

கூண்டுக்குள் பொருத்தப்படும் இருக்கை, ஓட்டுநரின் தோளையும் இடுப்பையும் இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் ஒற்றை வார்ப்பு. இருக்கைப் பட்டையோ தோள், இடுப்பு, தொடை ஆகிய மூன்று இடங்களிலும் இரண்டிரண்டாக ஆறு முனைகளில் கட்டப்படுவது. இவ்வளவு இறுகக் கட்டப்பட்ட உடல், மோதலில் அசையாமல் நிற்க, கட்டப்படாத தலை மட்டும் முன்னோக்கிப் பாய்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதி அரை மீட்டர் தூரத்தில் நின்றால், உள்ளே இருப்பவர் மீது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் ஐம்பது மடங்கு விசை செயல்படுகிறது. ஹெல்மெட்டோடு சேர்த்து ஆறு கிலோ எடையுள்ள தலை, அந்தக் கணத்தில் 300 கிலோ பளுவாகக் கழுத்தை இழுக்கிறது. இதனால் ஏற்படும் மண்டையோட்டு அடிப்பகுதி முறிவு நெடுங்காலம் பந்தய ஓட்டுநர்களைப் பலிகொண்டது. அதைத் தடுப்பதற்காக அமெரிக்க உயிரியக்கவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் அவருடைய மைத்துனரான பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் 1980-களில் உருவாக்கிய ஹான்ஸ் என்னும் தோள்கவசம், ஹெல்மெட்டைத் தோளோடு பிணைத்துத் தலையின் பாய்ச்சலைத் தடுக்கிறது. 2003-இல் ஃபார்முலா ஒன்னில் கட்டாயமாக்கப்பட்ட அது, பின்னர் ஹேட்ச்பேக் பந்தயங்கள் வரை வந்து சேர்ந்தது.

தீயணைப்புக் கருவியும், காருக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மின்சாரம் முழுவதையும் ஒரே அசைவில் துண்டிக்கும் சுவிட்சும் இவற்றோடு சேர்கின்றன. நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் வரையப்பட்ட ஸ்டிக்கர் அந்தச் சுவிட்சு இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. ஓட்டுநர் நினைவிழந்திருந்தாலும் தள ஊழியர் ஓடிவந்து அதைத் தேடாமல் இழுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நிறுத்தும் கலை

பந்தயக் காரின் முதல் தேவை வேகம் என்று கருதுபவர்கள், முதல் நாள் தளத்தில் நான்கைந்து சுற்றுகள் ஓட்டிய பின் பிரேக் பெடல் தரையைத் தொடும்போதுதான் வேறுவிதமாக எண்ணத் தொடங்குகிறார்கள். இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இரட்டித்தால் அதை நிறுத்துவதற்கு அகற்ற வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு வளைவுக்காக 60-க்குக் குறையும்போது, பிரேக்குகள் 400 கிலோஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமான அந்த வெப்பம், சில விநாடிகளில் உருவாகி, அடுத்த வளைவில் மீண்டும் உருவாகிறது. சாலையில் ஓட்டுபவர் அப்படிப் பிரேக் பிடிப்பது வாரத்தில் ஒருமுறை இருக்கலாம். பந்தயத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை.

இந்த வெப்பம் இரண்டு வழிகளில் பிரேக்கைச் செயலிழக்கச் செய்கிறது. ஒன்று, சாலைக்காகச் செய்யப்பட்ட பிரேக் பேடின் உராய்வுப் பொருள் குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் பிடிப்பை இழப்பது. மற்றொன்று, பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாவது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும் என்பதால், குழாயில் ஆவிக் குமிழி புகுந்ததும் பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்துவிடுகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 எனப்படும் தரத்தில், புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்றால், ஈரம் ஏறிய பின் அதற்குரிய வரம்பு 155 டிகிரிதான். சென்னையைப் போன்ற கடலோர ஈரக்காற்றில் அந்த வீழ்ச்சி விரைந்து நிகழும். ஆகவே பந்தயத்துக்குரிய பேடுகளும், ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் மாற்றப்படும் உயர்தர ஆயிலும், முன்பம்பரிலிருந்து டிஸ்க்குக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் சாதாரண ரப்பர் குழாயும், எஞ்சினில் செய்யப்படும் எந்தச் செலவையும்விட அதிக விநாடிகளை ஒரு குழுவுக்குத் திருப்பித் தருகின்றன.

அடுத்து வருவது காரைத் திருப்பும் பிரச்சினை. முன்சக்கர இயக்கக் காரில் மொத்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்சக்கரங்கள்மேல் அமர்ந்திருக்கிறது. அதே சக்கரங்கள்தான் காரை இழுக்கவும் திருப்பவும் பெருமளவு நிறுத்தவும் வேண்டும். மூன்று வேலைகளையும் ஒன்றாகக் கேட்கும்போது முன்டயர்கள் பிடியை இழந்து, ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் வளைவின் வெளிப்புறம் நோக்கியே நழுவுகிறது. அண்டர்ஸ்டியர் என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். சாலைக் கார்கள் வேண்டுமென்றே இப்படி வடிவமைக்கப்படுகின்றன. பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை விடும் சாதாரண ஓட்டுநருக்கு அது பாதுகாப்பு. பந்தயத்தில் அந்தப் பாதுகாப்பை ஓரளவு துறக்க வேண்டியிருக்கிறது.

அதற்கான வழிமுறை முதல்முறை கேட்பவர்களுக்கு முரணாகத் தோன்றும்: முன்பக்கம் பிடி வேண்டுமென்றால் பின்பக்கத்தைக் கடினமாக்க வேண்டும். வளைவில் கார் வெளிப்புறம் சாயும்போது உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு எடை இடம்பெயர்கிறது. இந்த இடப்பெயர்வில் பெரும்பங்கைப் பின்அச்சு ஏற்றுக்கொண்டால், முன்னிரு டயர்களும் ஓரளவு சமமாகத் தரையை அழுத்தித் தத்தம் பிடியைத் தக்கவைக்கின்றன. இதனால்தான் பந்தய ஹேட்ச்பேக்குகளில் பின்பக்கச் சுருள்வில்லும் சாய்வைத் தடுக்கும் குறுக்குக் கம்பியும் கடினமாக்கப்படுகின்றன. நன்றாக அமைக்கப்பட்ட கார் ஒன்று கூர்மையான வளைவில் உட்புறப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு மூன்று சக்கரங்களில் செல்வது அதன் கோளாறன்று. அதோடு, முன்சக்கரங்களின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சற்றே சாயும்படி அமைத்தால், வளைவில் கார் சாயும்போது டயரின் முழு அகலமும் தரையில் படியும். சக்கரங்களைத் தாங்கும் கைகளிலுள்ள ரப்பர் புஷ்கள் அழுத்தத்தில் நெகிழ்ந்து இந்தக் கோணங்களைக் கெடுப்பதால், அவற்றுக்குப் பதில் பாலியூரித்தேன் அல்லது நைலானில் கடைந்த புஷ்கள் இடப்படுகின்றன. கோவையின் சிறு லேத் பட்டறைகளில் இவற்றைச் செய்துகொள்ள முடியும். இவையனைத்தும் டயருக்காகவே. தரையோடு காருக்குள்ள ஒரே தொடர்பு நான்கு உள்ளங்கையளவு ரப்பர் என்பதை உணர்ந்த குழு, பணத்தை வேறெங்கும் விரயம் செய்வதில்லை.

எஞ்சின், கடைசியாக

இவ்வளவும் முடிந்த பிறகே எஞ்சினைத் தொட வேண்டும் என்பது அனுபவசாலிகளின் ஒருமித்த கருத்து. முதல் ஆண்டில் தொடவே வேண்டாம் என்பது அவர்களில் பலரின் அறிவுரை. சிலிண்டர் ஹெட்டைச் சற்றே பிளேன் செய்து அழுத்த விகிதத்தை உயர்த்துதல், காற்று நுழையும் வழியைச் சீர்படுத்துதல், வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்ட் பொருத்துதல், எரிபொருள் கலவையை நிர்ணயிக்கும் கணினியை மறுஅமைப்புச் செய்தல் ஆகியவை திறனைக் கூட்டும். கூடவே வெப்பத்தையும் உடைவையும் கூட்டும். நம்முடைய தட்பவெப்பம் இதில் தனிக் கவனம் கோருகிறது. உள்ளே செல்லும் காற்று ஒவ்வொரு மூன்று டிகிரி சூடேறும்போதும் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறைவதால், ரேடியேட்டரின் பின்னாலிருந்து சூடான காற்றை உறிஞ்சும் எஞ்சின், பளபளக்கும் விலையுயர்ந்த ஃபில்டரைப் பொருத்தியும் முன்பைவிடக் குறைந்த திறனையே தரும்.

திறனைவிட முக்கியமானது எஞ்சின் பிழைத்திருப்பது. வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாகும்போது, எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியான ஆயில் சம்ப்பில் உள்ள எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடுகிறது. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் அந்தக் கணத்தில் காற்றை இழுத்தால், கிராங்க்ஷாஃப்டின் பேரிங்குகள் சில விநாடிகளில் தேய்ந்து அழிகின்றன. சம்ப்புக்குள் எண்ணெய் ஒருபக்கம் ஓடிவிடாமல் தடுக்கும் சில தகடுகளைப் பற்றவைப்பது இதற்கு எளிய மருந்து. இந்தத் தகடுகளை எந்தக் கண்காட்சியிலும் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் பருவத்தின் பாதியில் போட்டியிலிருந்து விலகும் குழுவுக்கும் கடைசிப் பந்தயம்வரை ஓடும் குழுவுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் இத்தகைய வேலைகளில்தான் இருக்கிறது.

குழுவாக இருத்தல்

இம்முயற்சிகள் பாதியில் நின்றுபோவதற்குத் தொழில்நுட்பத்தைவிட மனித உறவுகளே அடிக்கடி காரணமாகின்றன. மூன்றோ நான்கோ பேர் பணம் போட்டு வாங்கிய காரில் இருப்பதோ ஒரே இருக்கை. யார் ஓட்டுவது, இடித்துவிட்டால் யார் செலவு, பாதியில் ஒருவர் விலகினால் அவர் பங்கு என்னவாகும் என்பவற்றைக் கார் வாங்குவதற்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ளும் குழுக்களே நிலைக்கின்றன. குறுகிய தூரப் பந்தயங்களில் ஒருவரே ஓட்ட முடியும் என்பதால் சுற்றுமுறை வைத்துக்கொள்ள வேண்டும். பல மணி நேரம் நீளும் தாங்குதிறன் பந்தயங்களிலோ ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள் என்பதால் நண்பர் குழுவுக்கு அவையே இயல்பாகப் பொருந்துகின்றன. ஓட்டுவதில் நாட்டமில்லாமல் ஸ்பேனர் பிடிப்பதிலும், நேரக் கணக்கு எழுதுவதிலும், டயர் அழுத்தத்தைக் குறித்துவைப்பதிலும் நிறைவடையும் ஒருவர் குழுவில் இருந்தால், அவரே அதன் மிகப்பெரிய சொத்து.

அமெச்சூர் பந்தயத்தின் உண்மையான கல்விப்பயனும் இங்குதான் விளைகிறது. மென்பொருள் துறையில் இருக்கும் இளைஞர் ஒருவர் டிங்கரிடமிருந்து தகட்டின் இயல்பையும், லேத் ஆபரேட்டரிடமிருந்து நுண்ணளவையின் மதிப்பையும் கற்றுக்கொள்கிறார். ஏட்டில் படித்த விசையும் உந்தமும் அவருடைய கைகளில் பொருள் பெறுகின்றன. மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டிய கார்களோடு போட்டியிடும் ஃபார்முலா பாரத், கரிவரதன் பெயர் தாங்கிய கோவைத் தளத்தில் நடத்தப்பட்டுவருவது இந்தப் பயனைப் பொறியியல் கல்லூரிகள் உணர்ந்திருப்பதைக் காட்டுகிறது. கல்லூரியை விட்டு வெளியே வந்த பின் அந்தத் திறமைக்கு என்ன வழி என்பதே மீதமிருக்கும் கேள்வி.

கட்டி முடித்த காரைத் தளத்தில் முதலில் எதிர்கொள்பவர்கள் ஸ்குருட்டினியர்கள் எனப்படும் தொழில்நுட்பப் பரிசோதகர்கள். கூண்டின் பற்றவைப்பு, பட்டைகளின் காலாவதித் தேதி, எண்ணெய்க் கசிவு, மின்துண்டிப்புச் சுவிட்சு என ஒவ்வொன்றையும் சோதித்து, குறையிருந்தால் அவர்கள் காரைத் திருப்பி அனுப்புவார்கள். ஓட்டுநருக்கும் மருத்துவச் சான்றும், இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் போட்டி உரிமமும் வேண்டும். பரிசோதகர்களை இடையூறாகக் கருதும் குழு தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது. மாதக்கணக்கில் ஒரே காரைப் பார்த்துப் பழகிய கண்களுக்குத் தெரியாத ஆபத்தைப் புதிய கண்கள் கண்டுபிடித்துச் சொல்வது பெரும் உதவி.

தமிழ்நாட்டில் இல்லாதது

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவு நேரச் சாலைப் பந்தயமும், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற நடிகர் அஜித்குமாரின் அணியும், மோட்டார் பந்தயத்தை நோக்கி இளைஞர்களின் கவனத்தைப் பெரிய அளவில் திருப்பியிருக்கின்றன. அந்த ஆர்வத்துக்கு வடிகால் போதுமானதாக இல்லை. 2010-இல் இந்தியாவில் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ பந்தயம் போன்றவை ஹேட்ச்பேக்கைப் பந்தயத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தன என்றாலும், நிறுவனமே ஒரே மாதிரியாகக் கட்டிப் பராமரிக்கும் காரில் கட்டணம் செலுத்தி அமரும் முறை அது. அதில் ஓட்டுநர் உருவாகலாம், காரைக் கட்டும் குழு உருவாகாது. சாலைக் கார்களை மாற்றியமைத்து ஓட்டும் டூரிங் கார் பிரிவுகளோ எஞ்சின் மாற்றத்துக்கு இடமளிப்பவை என்பதால், அங்கே நீண்ட அனுபவமும் பணமும் உள்ள அணிகளின் முன் புதிய நண்பர் குழு ஒன்று நிற்பது கடினம்.

பிற நாடுகள் இதற்குக் கண்ட தீர்வு எளியது. பிரிட்டனில் 1939-இல் ஆஸ்டின் செவன் என்ற சிறிய காரைச் சுற்றி உருவான 750 மோட்டார் கிளப், மலிவான பந்தயம் என்ற கொள்கையை இன்றுவரை கைவிடவில்லை. அதே நாட்டில் 998 சிசி எஞ்சின் கொண்ட பழைய சிட்ரோன் சி1 ஹேட்ச்பேக்குகளைக் கொண்டு, எஞ்சினை மெருகேற்ற அனுமதியில்லாமல், எல்லாருக்கும் ஒரே கூண்டு, ஒரே ஸ்பிரிங், ஒரே டயர் என்ற விதியோடு 24 மணி நேரப் பந்தயமே நடத்தப்படுகிறது. அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய 24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ் பந்தயம், காரின் விலைக்கு 500 டாலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டு, பாதுகாப்புக் கருவிகளையும் பிரேக்கையும் அந்த வரம்பிலிருந்து விலக்கியது. இந்தப் பந்தயங்களில் செலவு கட்டுப்படுத்தப்படுவது வேகத்துக்கானவற்றில், பாதுகாப்பில் அன்று.

இதற்குத் தேவையான அனைத்தும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் தளங்கள் இருக்கின்றன. புதுப்பேட்டையும் உக்கடமும் இருக்கின்றன. சோழவரக் காலத்திலிருந்து கைமாறி வந்த பட்டறை அறிவு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொதுமக்களுக்கிடையே உயிரைப் பணயம் வைத்துப் பறக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆகவே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் கோவையின் பந்தய அமைப்புகளும் ஒன்றிணைந்து, பழைய ஹேட்ச்பேக் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எஞ்சினுக்கு முத்திரையிட்டு, கூண்டையும் பிரேக்கையும் டயரையும் விதியால் நிலைப்படுத்தி, நண்பர் குழுக்களுக்கென்றே பல மணி நேரத் தாங்குதிறன் பந்தயப் பிரிவு ஒன்றைத் தொடங்க வேண்டும்; தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தீவுத்திடல் பந்தயத்துக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பகுதியை இதற்கும் காட்ட வேண்டும். அதுவரை, கார் வாங்கத் துடிக்கும் நண்பர்கள் முதலில் ஒரு பந்தய நாளுக்குத் தள ஊழியர்களாகத் தன்னார்வப் பணிக்குச் செல்லட்டும். எந்தக் காரை வாங்குவது, எதை முதலில் செய்வது என்பதை அங்கே பழுதுபார்க்கும் கொட்டகைகளில் நிற்கும் மெக்கானிக்குகள் மனமுவந்து சொல்லிக்கொடுப்பார்கள்.